உங்களுக்குத் தெரியுமா? ஒரே வசனத்துக்கு மூன்று சுற்று விளக்கம்!

ஈரானின் யஸ்து நகருக்கு அருகில் உள்ள ஊர் மைபுத். அவ்வூரைச் சேர்ந்த ரஷீதுத்தீன் மைபுதி, ஹிஜ்ரி 520இல் (கி.பி. 1126) பாரசீக மொழியில் திருக்குர்ஆனுக்கு விரிவுரை எழுதத் தொடங்கினார். பெயர் ‘கஷ்ஃபுல் அஸ்ரார்’. ஹெராத் நகரத்து சூஃபி ஞானி அப்துல்லாஹ் அன்சாரியின் உரை மிகச் சுருக்கமாக இருந்ததால், அதை விரித்தெழுத முனைந்தார் மைபுதி. அன்சாரியின் அந்த உரை இன்று தனி நூலாகக் கிடைப்பதில்லை. அதன் பகுதிகள் நம் கைக்கு வந்து சேர்ந்ததே இந்நூலால்தான்.

வசனங்களைப் பகுதி பகுதியாக எடுத்துக்கொண்டு மூன்று சுற்று வருகிறார். முதல் சுற்றில் நேரடிப் பாரசீக மொழிபெயர்ப்பு மட்டும். இரண்டாவதில் வசனம் அருளப்பட்ட பின்னணி, ஓதும் முறைகளில் உள்ள வேறுபாடு, சட்டம், வரலாறு. மூன்றாவதுதான் நூலின் உயிர். இறைக்காதலின் மொழியில் உட்பொருள் பேசும் இடம் அது. உரைநடையே எதுகை கொஞ்சி ஓடும், நடுநடுவே கவிதையும் வரும்.

வெளிப்பொருளும் உட்பொருளும் எப்படி வேறுபடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. துவா என்னும் பள்ளத்தாக்கில் மூஸா நபிக்குக் காலணிகளைக் கழற்றும்படி கட்டளை வருகிறதல்லவா? அவை செத்த கழுதையின் தோலால் ஆனவை என்பது வழக்கமான உரைகளில் காணும் ஒரு விளக்கம். சூஃபிகளோ அந்தக் காலணிகளை இம்மை, மறுமை என்று படித்தார்கள். இறைவன் முன் நிற்பவர் உலக ஆசையோடு சேர்த்துச் சொர்க்கத்தின் மீதான ஆசையையும் கழற்றி வைக்க வேண்டும் என்கிற, நெஞ்சை உலுக்கும் வாசிப்பு!

இத்தனைக்கும் மைபுதி வெளிப்பொருளை ஒதுக்கவே இல்லை. முதலிரண்டு சுற்றுகளைக் கடந்த பிறகே வாசகரை மூன்றாவது சுற்றுக்குள் அழைத்துச் செல்கிறார்.