விடுபட்ட பெயருக்கு வவுச்சர் இல்லை

புத்தளத்திலிருந்து முல்லைத்தீவுக்குத் திரும்பிய எங்கட சாச்சி, "வீட்டுக்குப் பதிஞ்சன் மகன், லிஸ்ட்டில பேரில்ல" என்றார். யாரிடம் கேட்பதாம்? லிஸ்ட் போட்டவர்களிடமே!

செய்தவரே தன் வேலையைச் சரிபார்ப்பது மேற்பார்வை ஆகாது. 2016இல் வடக்கு, கிழக்கில் 65,000 இரும்பு வீடுகள் கட்ட அரசு முனைந்தது நினைவிருக்கும். ஒன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அதில் பாதியளவு செலவில் கல்வீடே கட்டலாம், நம் வெக்கைக்கு இரும்பு சரிவராது என்று மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் கணக்கோடு எழுதினார்கள். ஒப்பந்தத்தில் அவர்களுக்குப் பங்கில்லை; ஆகவே பேச முடிந்தது. எதிர்ப்பு வலுத்து, அத்திட்டம் நினைத்தபடி நடக்கவில்லை.

கணக்காய்வாளர் நாயகம் இருக்கிறாரே என்பீர்கள். அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரை அவருக்கு அதிகாரம் தருகிறது. 2018இன் தேசிய கணக்காய்வுச் சட்டம் அதை இன்னும் பலப்படுத்தியது. ஆனால் கணக்காய்வு பெரும்பாலும் செலவான பணத்தின் பின்னாலேயே போகிறது. சாச்சிக்குக் கொடுக்காத வீட்டுக்கு வவுச்சர் ஏது? 1990இல் விரட்டப்பட்டு, கால் நூற்றாண்டு கழித்துத் திரும்பியவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

அங்கேதான் 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவுகிறது. பயனாளிப் பட்டியலையும் புள்ளியிட்ட முறையையும் எழுத்தில் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு; அதற்கும் மேல், வெளியே நிற்கும் ஆணைக்குழு.

விண்ணப்பத்தை நான் எழுதினேன். சாச்சி கையெழுத்துப் போட்டுவிட்டு, "பிரதி ஒண்டு எனக்கும் தா" என்றார்.