ஓட்டை இல்லாத கோடு

உயர்தரத்தில் இணைந்த கணிதத்துக்கு 'ஏ' எடுத்த பிள்ளைகள் சிலர், பல்கலைக்கழகத்தில் மெய்ப் பகுப்பாய்வுக்கு வந்ததும் திகைத்துப்போகிறார்கள். "கணக்கையே காணல்ல சேர், எல்லாம் நிறுவல்தான்" என்பார்கள். முதல் வருடத்தோடு தூய கணிதத்தைக் கைவிடுவோரும் உண்டு. அவர்களிடம் கெட்டித்தனம் குறையவில்லை, கேள்விதான் மாறிவிட்டது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 2 ஐக் கழிக்கும் சார்பை எடுங்கள். 1 இல் அதன் பெறுமானம் -1. 2 இல் +2. இடையில் எங்கோ பூச்சியமாக வேண்டும்தானே? வரைபைப் பார்த்தாலே தெரியுதே என்போம். ஆனால் விகிதமுறு எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் அது எங்குமே பூச்சியமாவதில்லை. 2 இன் வர்க்கமூலம் அங்கே இல்லை. கோட்டில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை!

ருபாயத்தால் நாமறிந்த உமர் கையாம், 1077 இல் யூக்ளிட்டின் நூலிலுள்ள இடர்ப்பாடுகளைப் பற்றி எழுதியபோது, இத்தகைய விகிதங்களையும் எண்ணாகக் கொள்ளலாமா என்று ஆராய்ந்தார். பொல்சானோ 1817 இல் இடைப்பெறுமானத் தேற்றத்தை நிறுவ முனைந்தார். டெடெகிண்டும் கான்டரும் 1872 இல் மெய்யெண்களைக் கட்டியெழுப்பிய பிறகே அதற்கு உறுதியான அடித்தளம் கிடைத்தது.

அடுத்த படி இடத்தியல். ஹவுஸ்டோர்ஃப் 1914 இல் வெளியிட்ட நூலில் தூரத்தை ஒதுக்கி, புள்ளிகளின் அயல்களைக் கொண்டே வெளியை வரையறுத்தார். அங்கு நின்று பார்த்தால் தேற்றத்தின் உட்காரணம் விளங்கும். மெய்யெண்களின் ஆயிடை ஒரே துண்டு. தொடர்ச்சியான சார்பு ஒரே துண்டை இரண்டாகப் பிய்க்காது. விகிதமுறு எண்களோ 2 இன் வர்க்கமூலம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு திறந்த தொடைகளாகப் பிளந்து கிடக்கின்றன.

ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நிறுவலைப் பாடமாக்காதீர்கள். தேற்றத்தின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எங்கே உடையுது என்று பாருங்கள். மூடிய ஆயிடையில் தொடர்ச்சியான சார்புக்கு ஆகக்கூடிய பெறுமானம் உண்டு. 'மூடிய' என்பதை எடுத்துவிட்டால்? 0 க்கும் 1 க்கும் இடையில், முனைகள் இரண்டையும் விட்டு, 1 ஐ அந்தந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். சார்பு தொடர்ச்சியானதுதான், ஆனால் 0 ஐ நெருங்க நெருங்க அது ஏறிக்கொண்டே போகும். இப்படி ஓர் எதிருதாரணத்தைத் தானாகக் கண்டுபிடித்த பிள்ளைக்கு அந்தத் தேற்றம் பிறகு மறக்காது.