பத்து யூரோ ஒயினின் வேதியியல்

வடக்கு ஸ்பெயினின் லோக்ரோனியோ நகரில் லாரெல் தெரு என்றொரு குறுகிய சந்து இருக்கிறது. இருபுறமும் மதுக்கடைகள். பல கடைகள் ஒரே ஒரு தின்பண்டத்துக்குப் பேர் போனவை. ஒன்றில் பூண்டெண்ணெய் சொட்டச் சொட்டச் சுட்ட காளான், அதன் உச்சியில் குட்டி இறால். மாலையானால் கூட்டம் நின்றபடியே ஒரு துண்டைத் தின்று, ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் குடித்துவிட்டு அடுத்த கடைக்கு நகரும். ரியோஹா ஒயினின் தலைநகரான இந்த ஊரில் விலையுயர்ந்த புட்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் இந்தத் தெருவுக்குப் பொருத்தம் இளம் ஒயின்தான். காசு மட்டுமே அதற்குக் காரணம் அல்ல.

சிவப்பு ஒயினின் துவர்ப்பைத் தருவது திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின். பாக்கு மென்றால் வாய் வறண்டு இழுப்பதும் இதே வகைச் சேர்மங்களால்தான். வாயை வழவழப்பாக வைத்திருக்கும் உமிழ்நீர்ப் புரதங்களை டானின் பற்றித் திரளவைக்கிறது, நாக்கு சொரசொரக்கிறது.

இப்போது ஒரு துண்டு சொரிசோ. பன்றி இறைச்சியில் பூண்டும் புகையூட்டிய மிளகாய்த்தூளும் சேர்த்துச் செய்யும் இந்தத் தொத்திறைச்சியைச் சூடான தட்டில் வைத்தால், ஆரஞ்சு நிறக் கொழுப்பு முத்து முத்தாகக் கசியும். அந்தக் கொழுப்பு நாக்கில் படலமாகப் படிகிறது. அடுத்த மடக்கு ஒயின் அந்த வழுக்கலைக் குறைக்கிறது. கொழுப்போ ஒயினின் துவர்ப்பை அடக்குகிறது. இறைச்சியில் உள்ள உப்பு கசப்பையும் மட்டுப்படுத்துகிறது. 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் உலர்ந்த இறைச்சியையும் துவர்ப்பான திரவங்களையும் மாற்றி மாற்றிக் கொடுத்துச் சோதித்தார்கள். லேசான துவர்ப்புகூட மடக்குக்கு மடக்குக் கூடிக்கொண்டே போய்க் கொழுப்புணர்வை எதிர்த்தது. நொறுக்குத் தீனியோடு மெல்ல மெல்லக் குடிப்பவருக்கு டானின் மண்டிய ஒயின் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

ரியோஹாவின் அலாவெசா பகுதி விவசாயிகள் டானின் குறைந்த ஒயினை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். திராட்சையை நசுக்காமல் கொத்துக் கொத்தாகத் தொட்டியில் கொட்டுவார்கள். அடியில் நசுங்கும் பழம் நொதித்துக் கரியமில வாயுவை நிரப்ப, ஆக்சிஜன் கிடைக்காத முழுப் பழங்களுக்குள்ளேயே நொதிகள் வேலையைத் தொடங்கிவிடும். டானின் குறைவாகவே இறங்கும். செம்புற்றுப்பழ வாசனையை நினைவூட்டும் எஸ்டர்கள் கூடும். அறுவடை முடிந்த சில மாதங்களிலேயே விற்பனைக்கும் வந்துவிடும். விலை குறையவும் இதுவே வழி. 'கிரியான்சா' என்று பெயர் பெற ரியோஹா ஒயின் குறைந்தது 2 ஆண்டு காத்திருக்க வேண்டும், அதில் ஓராண்டு ஓக் பீப்பாயில். 'கிரான் ரெசர்வா'வுக்கு 5 ஆண்டு. பீப்பாய்க்கும் கிடங்குக்கும் ஆகும் செலவு புட்டியின் விலையில்தான் ஏறும். பத்து யூரோவுக்குள் முடிகிற இளம் புட்டியில் அந்தச் சுமை இல்லை. அமெரிக்க ஓக் தரும் தேங்காய், வனிலா வாசனையும் இருக்காது. சொரிசோவின் புகைமணத்துக்கு எதிரில் அந்த நுட்பங்கள் எப்படியும் எடுபடாது.

கிழக்கே அரகோன் பகுதியின் காம்போ தே போர்ஹாவில் கிடைக்கும் கர்னாச்சா திராட்சை ஒயினும் மலிவுதான். முதிய கொடிகள், வறண்ட காற்று, கூட்டுறவு ஆலைகள். வெயிலில் சர்க்கரை ஏறிப் பழுப்பதால் ஆல்கஹால் 14, 15 சதவீதம்கூடப் போகும். வறுத்த உருளைக்கிழங்கின் மேல் காரச் சாறு ஊற்றித் தரும் பத்தாத்தாஸ் பிராவாஸோடு இதைக் குடித்தால் எரிச்சல் கூடும். மிளகாயின் காப்சைசின் தூண்டும் அதே வெப்ப உணர்வேற்பியை ஆல்கஹாலும் தூண்டுவதுதான் காரணம். ஆனால் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த தோர்த்தியாவோடு இதே கர்னாச்சா அருமையாகப் பொருந்தும்.

மீனில்தான் சிக்கல். சிவப்பு ஒயினில் கரைந்துள்ள இரும்பு, கடலுணவோடு சேரும்போது மீன்நாற்றத்தைக் கிளப்புகிறது என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வு காட்டியது. நெத்திலித் தட்டு வந்தால் வெள்ளை ஒயினைக் கேட்பதே நல்லது.

இன்னொன்று, வெப்பநிலை. கோடையில் அறை வெப்பத்திலேயே ஊற்றினால் ஆல்கஹால் நெடி மற்ற மணங்களை அமுக்கிவிடும். இளம் ரியோஹாவை 13, 14 டிகிரிக்குக் குளிர்வித்தால் பழமணம் தெளிவாக மேலே வரும். குறைந்த டானின் என்பதால் குளிரில் துவர்ப்பும் உறுத்தாது. அதற்குப் புட்டியைக் கொஞ்ச நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் போதும்.