மகிழுந்துப் பூச்சை மெருகேற்றல்

மகிழுந்துப் பூச்சை மெருகேற்றல் என்பது மகிழுந்தின் (கார்) வெளிப்புறப் பூச்சில் படிந்த அழுக்கை நீக்கி, நுண்கீறல்களைக் குறைத்து, பளபளப்பை மீட்கும் பராமரிப்புப் பணி ஆகும். இதனை எந்திரம் இன்றி வீட்டிலேயே கையால் செய்யலாம். மெருகேற்றும் ஒவ்வொரு முறையும் பூச்சின் மேற்படலம் சிறிது தேய்வதால், கீறல் விழாதவாறு கழுவுவதே இப்பணியின் முதன்மையான பகுதியாகும்.

பூச்சின் அடுக்குகள்

1980களில் பரவலான முறையின்படி, தகட்டின் மீது துருத்தடுப்பு அடுக்கு, முதற்பூச்சு, வண்ண அடுக்கு, நிறமற்ற தெளிபூச்சு (கிளியர் கோட்) ஆகியன முறையே இடப்படுகின்றன. பளபளப்பைத் தருவதும் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் தெளிபூச்சே. இதன் தடிமன் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். இது தேய்ந்துவிட்டால் மீண்டும் பூச்சு அடிப்பதே வழி.

பாதிக்கும் காரணிகள்

காரணிகள் இடத்திற்கு இடம் மாறுபடும். தஞ்சாவூர் மாவட்டத்தின் பட்டுக்கோட்டை, நெல் விளையும் பகுதியிலும் கடற்கரைக்கு அருகிலும் அமைந்துள்ளது.

* உமி, வைக்கோல் தூசி: இவற்றில் சிலிக்கா மிகுதி. உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் போலக் கீறும்.
* கடற்காற்றின் உப்பு: பூச்சு பெயர்ந்த இடங்களில் துருவை விரைவுபடுத்தும்.
* கடினநீர்: வெயிலில் காய்ந்தால் வெண்ணிறக் கறைகளை விடும்.
* பறவை எச்சம்: வெப்பத்தில் தெளிபூச்சை அரிக்கும்.

செய்முறை

1. வண்டியை நிழலில் நிறுத்தி, தகடு ஆறிய பின் நீரைப் பீய்ச்சித் தூசியை அகற்ற வேண்டும்.
2. ஒரு வாளியில் வண்டி கழுவும் சோப்புநீரும், மற்றொன்றில் துணியை அலசத் தூய நீரும் வைத்து, மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். சக்கரங்களுக்குத் தனித்துணி தேவை.
3. நீர் காயும் முன் நுண்ணிழைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.
4. கீறல் உள்ள இடத்தில் மட்டும் பஞ்சுத் திண்டில் சிறிது மெருகுப்பசை இட்டு, மெல்லத் தேய்த்துத் துடைக்க வேண்டும். நகத்தில் இடறும் ஆழமான கீறல்கள் இதனால் மறையா.
5. இறுதியாக மெழுகை மெல்லிய படலமாகப் பூசித் துடைக்க வேண்டும்.

மெழுகு

மெருகுப்பசை தேய்க்கும் பொருள். மெழுகு காக்கும் பொருள். பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகு இதற்குப் பெயர்பெற்றது. மெழுகிட்ட பரப்பில் நீர் முத்துமுத்தாகத் திரளும். திரளாமல் பரவினால் மெழுகு தேய்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். மெழுகை மட்டும் மீண்டும் இட்டால் தெளிபூச்சு குறைவதில்லை.

தவிர்க்க வேண்டியவை

பாத்திரம் துலக்கும் சோப்பு மெழுகைக் கரைத்துவிடும். தரையில் விழுந்த துணியை அலசாமல் பயன்படுத்தினால் அதில் ஒட்டிய மணல் கீறும். பளபளப்பற்ற பூச்சுடைய வண்டிகளை மெருகேற்றினால் ஆங்காங்கே பளபளப்பான திட்டுகள் தோன்றும். அவற்றைச் சரிசெய்ய இயலாது.