மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

யாழ்ப்பாணத்து வீதிகளிலே பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று செல்லக் கண்டால், வயது முதிர்ந்த உறவினரைப் பார்ப்பது போல நம்மவர் புன்னகையுடன் பார்த்து அப்பாற் செல்வர். அதனுள் இருக்கும் சிறிய எஞ்சினின் உடன்பிறப்பொன்று பனி மூடிய ஐரோப்பிய மலைகளைக் கடந்து, 1964ஆம் ஆண்டு மொன்ரி கார்லோ மோட்டார்ப் போட்டியில் முதலாவதாக வந்ததென்றால் நம்புவோர் எத்தனை பேர்? அதே குலத்து எஞ்சின் 1990க்குப் பின் நமது குடாநாட்டிலே மண்ணெண்ணெயைக் குடித்து ஓடியது. இவ்விரண்டில் அரிய செயல் எதுவென்று கேட்டால், பின்னையதே என்போம். அது எவ்வாறு இயன்றது என்பதை அறிய, முதலில் இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும்.

ஹேர்பேட் ஒஸ்ரின் என்பவர் 1905இல் லோங்பிறிட்ஜ் என்னுமிடத்தில் தமது தொழிற்சாலையைத் தொடங்கினார். வில்லியம் மொறிஸ் 1913இல் ஒக்ஸ்போட் நகரில் தமது முதற் காரை வெளியிட்டார். நெடுங்காலம் போட்டியாளராயிருந்த இவ்விரு நிறுவனங்களும் 1952இல் ஒன்றாயின. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கடனில் மூழ்கியிருந்த பிரித்தானியா, ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கே உருக்கை முன்னுரிமையுடன் பங்கிட்டது. ஆகவே 1947இல் வந்த ஒஸ்ரின் ஏ-40, 1948இல் வந்த மொறிஸ் மைனர் ஆகியவை கப்பலேறி உலகெங்கும் சென்றன. கொழும்பு வழியாக நம் ஊருக்கும் வந்தன.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். இன்று துருக்கியிலுள்ள சிமிர்னா நகரிற் பிறந்தவர். இளமையில் நண்பர் ஒருவருடன் சேர்ந்து, பல ஆண்டுகள் கையாலேயே உழைத்து ஓர் ஓட்டப் போட்டிக் காரைக் கட்டியவர். மைனரின் சுக்கான் சொன்னபடி கேட்பதில் வியப்பில்லை.

ஒஸ்ரின் நிறுவனம் 1951இல் 803 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள ‘ஏ’ வரிசை எஞ்சினை வெளியிட்டது. மறு ஆண்டில் அது மைனரிலும் பொருத்தப்பட்டது. அந்நாளில் பிரித்தானியாவில் நல்ல பெற்றோல் கிடையாது. போர்க்காலம் முதல் 1953 வரை எல்லாக் கம்பனிகளின் எண்ணெயும் ஒன்றாய்க் கலந்து, தரங்குறைந்த ஒரே வகைப் பெற்றோலாகவே விற்கப்பட்டது. பிஸ்ரன் மேலெழும்போது பெற்றோலும் காற்றும் கலந்த கலவையை அமுக்குகிறது. அமுக்கம் கூடினால் வலு கூடும். ஆனால் எண்ணெய் மட்டமானதாயின் கலவை வேளைக்கு முன்பே தானாகப் பற்றி எஞ்சின் ‘இடிக்கும்’. எனவே அக்கால எஞ்சின்களில் கலவை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக மட்டுமே அமுக்கப்பட்டது. வறுமை கற்பித்த அடக்கம் என்றே இதனைச் சொல்ல வேண்டும்.

நல்ல பெற்றோல் வந்ததும் ஓட்டப் பந்தயக்காரர் இவ்வடக்கத்தைக் கைவிட்டனர். இசிகோனிஸ் 1959இல் அளித்த மினி காரிலும் ‘ஏ’ வரிசை எஞ்சினே இருந்தது. ஜோன் கூப்பர் அதற்கு வலுவேற்றி 1961இல் மினி கூப்பரை உருவாக்கினார். பட்டி ஹொப்கேர்க் 1964இலும், திமோ மாக்கினன் 1965இலும், ரவுனோ ஆல்ற்றொனன் 1967இலும் மொன்ரி கார்லோவில் வென்றது அந்தக் காரிலேதான். இடையில் 1966இலும் முதல் மூன்று இடங்களை மினிகளே பிடித்தன. ஆயினும் முன்விளக்குகள் விதிக்கு மாறானவை என்று மூன்றையும் விலக்கிவிட்டனர்!

விளக்கென்றதும் நமக்கு வேறொரு நினைவு வருகிறது.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் பற்றரிகளும் தடை செய்யப்பட்டன. மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் சிறிதளவு வந்தது; விலையோ சொல்லுந்தரமன்று. அமுக்கம் கூடிய ஜப்பானியக் கார்கள் பல கொட்டில்களில் உறங்கின. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி கட்டுப்பட்டபோது, விற்காமல் திருத்தித் திருத்திக் காப்பாற்றி வைத்த ஏ-40களும் மைனர்களுமே வெளியே வந்தன.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆதலின் சிறு போத்தலில் பொன்போற் காத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபுரேற்றரில் விடுவர். பற்றரி இல்லையே! முன்புறத் துவாரத்திற் கைபிடியைச் செருகிச் சுழற்றுவர், அல்லது நாலு பேர் தள்ளுவர். எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய் தொடரும். ‘இடிப்பு’ மிகாதிருக்கச் சிலர் எஞ்சின் தலையின் கீழே கஸ்கற் இரண்டை ஒன்றன்மேலொன்றாக வைத்தனர். அதனால் இடைவெளி கூடி அமுக்கம் குறைந்தது. போருக்குப் பிந்திய பிரித்தானியாவின் பேர்கசன் உழவு இயந்திரங்களிற் சிலவும் பெற்றோலிற் கிளம்பி, மண்ணெண்ணெயையொத்த எண்ணெயில் உழுதவையே. ஆனால் அவற்றுக்குத் தொழிற்சாலையே வழி செய்து கொடுத்திருந்தது. நம் கராஜ்காரருக்கோ கையிலிருந்த ஸ்பானரும் அனுபவமுமே துணை. வெண்புகை கண்ணைக் கரிக்கும், பிளக் கரிபிடிக்கும், ஆவியாகாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். அதனை அடிக்கடி மாற்றவும் வழியில்லை.

ஒரு நாள் நள்ளிரவு, அயலிலுள்ள பெண்ணொருத்திக்குப் பேற்றுநோவு கண்டது. மைனரைத் தள்ளிக் கிளப்பி ஆசுபத்திரிக்குப் புறப்பட்டோம். வானூர்திக்கு அஞ்சி விளக்கேற்றவில்லை. நிலவொளியே வழி காட்டியது. பாதி வழியில் எஞ்சின் இருமி நின்றது. சாரதி இருளிலே தடவித் தடவி நான்கு பிளக்குகளையும் கழற்றி, சாரத்தின் நுனியால் துடைத்துப் பூட்டினார். மீதமிருந்த பெற்றோல் அத்தனையும் காபுரேற்றருக்குள் போயிற்று. தள்ளினோம், கிளம்பியது. குழந்தை ஆசுபத்திரியிலேயே பிறந்தது.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. 2006இல் மீண்டும் மூடப்பட்டது. போர் 2009இல் முடிந்தது. இன்று அந்த மைனர் பெற்றோலில்தான் ஓடுகிறது. கலியாணங்களுக்கு மாலை சூடியும் போகிறது. அண்மையில் அதன் எஞ்சின் தலையைக் கழற்றிய இளம் மெக்கானிக், கீழே இரண்டு கஸ்கற்றுகள் இருக்கக் கண்டு வியந்தார்.

“ஐயா, இந்த முறை புதுசாய் ஒண்டு மட்டும் போடட்டோ? நல்லாய் இழுக்கும்.”

முதியவரான உரிமையாளர் சற்று நேரம் பேசாதிருந்தார்.

“ரெண்டாய்ப் போடு, தம்பி” என்றார்.