கடல்வழி காட்டும் மிதவைகள்

துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்மேல் நின்று நோக்குபவருக்குக் கடல் எங்கும் ஒரே தன்மையான நீர்ப்பரப்பாகவே காட்சி தருகிறது. பெரிய சரக்குக் கப்பல் தடையின்றிச் செல்லத்தக்க ஆழம் எங்கே இருக்கிறது, சிறு படகின் அடிப்பலகையையும் கிழித்துவிடக்கூடிய பாறை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை நீரின் நிறத்தைக் கொண்டும் அலையின் போக்கைக் கொண்டும் நிர்ணயிப்பது, பரம்பரையாக அந்தக் கடலிலேயே தொழில் செய்பவர்களுக்குக் கைவந்த வித்தை; புதிதாக வருகிற மாலுமிக்கோ அது ஆகாத காரியம். அந்தப் புதியவனுக்காகத்தான், கரையிலிருந்து பார்க்கும்போது வர்ணப் புள்ளிகளாகத் தென்படுகிற மிதவைகள் நீரில் நிறுத்தப்பட்டிருக்கின்றன. கலங்கரை விளக்கத்தின் கம்பீரத்துக்கு முன்னால் மிதவை ஓர் எளிய வஸ்துவாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் தொலைவிலிருந்தே கரையை அறிவித்துவிடுவதோடு கலங்கரை விளக்கத்தின் கடமை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கரையை நெருங்கிய பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் எப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்று சொல்லும் பொறுப்பு மிதவையைச் சேர்ந்தது.

அதன் அமைப்பை முதலில் பார்ப்போம். இரும்புத் தகட்டினாலோ, இக்காலத்தில் தடித்த பிளாஸ்டிக்கினாலோ செய்யப்பட்ட, நீர் புகாத ஓர் உடல். அது கவிழாமல் நிமிர்ந்து நிற்கும் பொருட்டு அடியில் ஒரு பாரம். மேலே சட்டங்களால் ஆன கூண்டு, அதன் உச்சியில் விளக்கு, விளக்கின்மேல் தூரத்திலிருந்தே தெரியும்படி ஓர் அடையாள உருவம். உடலின் அடியிலிருந்து இறங்கும் கனத்த சங்கிலி, கடல்தரையில் கிடக்கும் காங்கிரீட் அல்லது வார்ப்பிரும்புக் கட்டியில் முடிகிறது. இந்தச் சங்கிலி கடலின் ஆழத்தைக் காட்டிலும் கணிசமாக நீண்டிருக்க வேண்டும். அளவாக வெட்டிக் கட்டிவிட்டால், ஓதம் ஏறும்போது மிதவை நீருக்குள் இழுபடும், அல்லது பேரலையின் ஒரே வெட்டில் சங்கிலி அறுந்துபோகும். உபரியாகத் தரையில் கிடக்கும் சங்கிலியின் பாரமே அலையின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. இதன் விளைவாக மிதவை ஒரே புள்ளியில் நிற்பதில்லை. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப ஒரு வட்டத்துக்குள் உலவிக்கொண்டிருக்கிறது. கடும்புயலில் கட்டியோடு சேர்ந்து இழுபட்டுப் போவதும் உண்டு. ஆகையால் கடல் வரைபடத்தில் குறித்திருக்கும் ஸ்தானத்தில் மிதவை அணுவளவும் பிசகாமல் இருக்கும் என்று எந்த அனுபவசாலியும் நம்புவதில்லை. கரையில் தெரியும் நிலையான அடையாளங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அதன் சொல்லை ஏற்கிறான்.

இனி அதன் சங்கேதங்களுக்கு வருவோம். கப்பல் செல்லும் வழியின் இரு ஓரங்களையும் குறிக்கும் மிதவைகள் சிவப்பும் பச்சையுமாக இருக்கின்றன. இந்தியா, இலங்கை, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளின் ஏற்பாட்டின்படி, கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும் படகுக்குச் சிவப்பு இடப்புறமும் பச்சை வலப்புறமும் அமைய வேண்டும். வெளியே போகும்போது இது தலைகீழாகிவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் பழகாத கையினால் படகு ஓட்டுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். எது உள்ளே, எது வெளியே என்று தெளிவாகாத நீர்ச்சந்திகளில், வரைபடத்தில் ஓர் அம்பு வரைந்து திசையை அறிவித்திருப்பார்கள். அந்த அம்பைப் பாராமல் நிறத்தை மட்டும் பார்த்துச் செல்வது பாதி வாக்கியத்தைப் படித்துவிட்டுப் பொருள் கொள்வதற்குச் சமானம்.

நிறம் ஒன்றையே நம்பாமல் உருவத்தையும் சேர்த்திருப்பதில் இந்த ஏற்பாட்டை வகுத்தவர்களின் முன்யோசனை விளங்குகிறது. அந்தி மங்கலில் சிவப்பு முதலில் கறுத்துப்போகும். சூரியனுக்கு எதிராகப் பார்க்கும்போது எல்லா நிறங்களும் ஒரே நிழலுருவாகிவிடும். அப்பொழுதும் இடப்புறத்து மிதவை தட்டையான தலையுடைய உருளையாகவும் வலப்புறத்து மிதவை கூம்பாகவும் தெரியும். மிதவையின் உடலே வேறு வடிவமாக இருந்தால், உச்சியில் வைத்த சிறிய உருளையோ கூம்போ அந்தக் கடமையைச் செய்யும். இரவில் சிவப்பு மிதவையில் சிவப்பு விளக்கு, பச்சையில் பச்சை விளக்கு.

இத்தனை தெளிவாக இன்று நாம் சொல்லக்கூடிய இவ்விதி ஒரு நூற்றாண்டுக் குழப்பத்தின் முடிவில் கிடைத்தது. 1889-இல் சில தேசங்கள் கூடி, இடப்புறத்துக்குக் கறுப்பு உருளை, வலப்புறத்துக்குச் சிவப்புக் கூம்பு என்று ஒப்புக்கொண்டன. விளக்கு வைக்கும் காலம் வந்தபோது, துறைமுக வாயிலின் இடப்புறத்தில் சிவப்பு விளக்கு ஏற்றும் வழக்கத்தையொட்டி, ஐரோப்பியரில் சிலர் கறுப்பு மிதவைகளின் மேலே சிவப்பு விளக்கை வைத்தார்கள். வட அமெரிக்கரோ, சிவப்பு மிதவைக்குச் சிவப்பு விளக்கே பொருத்தம் என்று வலப்புறத்தில் வைத்தார்கள். இருசாராரும் தத்தம் அளவில் நியாயமாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் சிவப்பு எதிரெதிர்ப் பொருள் பெற்றுவிட்டது. 1936-இல் ஜினீவாவில் சர்வதேச சங்கத்தின் ஆதரவில் ஓர் ஒப்பந்தம் உருவாயிற்று. அது அமலுக்கு வருமுன் உலக யுத்தம் மூண்டது. யுத்தம் ஓய்ந்தபோது அழிந்துபோன மிதவைகளை அவசரமாகத் திரும்ப வைக்க வேண்டியிருந்தபடியால், ஜினீவா விதிகளை ஒவ்வொரு தேசமும் தனக்கு வேண்டிய மாறுதல்களோடு கையாண்டது. 1970-களின் நடுவில் உலகில் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் வழக்கில் இருந்தன.

இந்த நிலை நீடிக்கலாகாது என்பதை உணர்த்திய சம்பவங்கள் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையிலுள்ள டோவர் நீரிணைப் பகுதியில் 1971-இல் நடந்தன. ஜனவரி 11-ஆம் தேதி ‘டெக்ஸாகோ கரிபியன்’ என்னும் எண்ணெய்க் கப்பல் வேறொரு கப்பலோடு மோதி மூழ்கியது. மறுநாள் ‘பிராண்டன்பர்க்’ என்ற ஜெர்மன் கப்பல் அந்தச் சிதைவின்மேல் மோதி மூழ்கியது. சிதைவுகளைச் சுற்றி விளக்குக் கப்பலும் மிதவைகளும் நிறுத்தப்பட்டிருந்தும், பிப்ரவரி மாத இறுதியில் ‘நிக்கி’ என்ற கிரேக்கக் கப்பல் அங்கேயே மோதி, அதிலிருந்த 22 பேரும் மாண்டார்கள். மூன்று விபத்துகளிலும் போன உயிர்கள் 51. அதன் பிறகும் பல கப்பல்கள் அந்த விளக்குகளுக்கு நடுவிலேயே புகுந்து சென்றன என்பதுதான் மனத்தை உலுக்கும் செய்தி.

கலங்கரை விளக்கத் துறையினரின் சர்வதேசச் சங்கம் இதன் பிறகு மும்முரமாக வேலை செய்தது. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகியவை வலப்புறச் சிவப்பைக் கைவிடச் சம்மதிக்கவில்லை. ஆகவே 1980-இல் டோக்கியோ மாநாட்டில், உலகத்தை ஏ, பி என்னும் இரு மண்டலங்களாகப் பிரித்து, ஓரமிதவைகளின் நிறம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பொதுவாக்கினார்கள். முழு ஒற்றுமை கிட்டாமற்போனதில் எனக்கும் வருத்தமே. என்றாலும் முப்பது முறைகள் ஒரே முறையின் இரு கிளைகளாக ஒடுங்கியதைச் சாமானியமான சாதனை என்று சொல்ல மனம் வரவில்லை.

பொதுவான அடையாளங்களுள் என் பெருமதிப்புக்கு உரியவை திசைமிதவைகள். திறந்த கடலில் ஒரு பாறைத் திட்டு இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அங்கே வழி என்று ஒன்று வரையறுக்கப்படாததால் இடம், வலம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே திசைகாட்டியையே துணைக்கழைத்தார்கள். திட்டுக்கு வடக்கே நிற்பது வடதிசை மிதவை; அதற்கு வடக்கே சென்றால் க்ஷேமம். மற்ற மூன்று திசைகளுக்கும் இதுவே விதி. நான்கும் கறுப்பும் மஞ்சளுமான பட்டைகள் உடையவை. நான்கின் உச்சியிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரு கறுப்புக் கூம்புகள். கூம்புகளின் முனை எங்கே நோக்குகிறதோ அங்கே கறுப்புப் பட்டை இருக்கும் என்பது நினைவில் கொள்ள வேண்டிய ஒரே சூத்திரம். இரண்டும் மேல்நோக்கினால் வடக்கு, மேலே கறுப்பு. இரண்டும் கீழ்நோக்கினால் தெற்கு, கீழே கறுப்பு. முனைகள் ஒன்றையொன்று விலகி மேலும் கீழும் நோக்கினால் கிழக்கு, மேலும் கீழும் கறுப்பு. முனைகள் நடுவில் சந்தித்தால் மேற்கு, நடுவில் கறுப்பு.

இரவில் இவற்றின் வெள்ளை விளக்குகள் கடிகார முகத்தை அனுசரித்துச் சிமிட்டுகின்றன. கிழக்குக்கு மூன்று, தெற்குக்கு ஆறு, மேற்குக்கு ஒன்பது. வடக்குக்கு மட்டும் இடைவிடாத சிமிட்டல். படகு ஆடிக்கொண்டிருக்க, நீர்த்திவலை முகத்தில் அடிக்க, அலைமுகட்டுக்குப் பின்னால் விளக்கு மறைந்து மறைந்து தோன்றும் வேளையில், அது சிமிட்டியது ஆறா, ஒன்பதா என்று யார் உறுதியாகச் சொல்ல முடியும்? ஆகையால் தெற்கு விளக்குக்கு ஆறு சிமிட்டலின் பின் நீண்ட பிரகாசம் ஒன்றைச் சேர்த்தார்கள். இரண்டு விநாடிக்குக் குறையாமல் எரிகிற அந்த ஒளியைக் கண்டவுடன் எண்ணிக்கை தவறியவனுக்கும் ஐயம் நீங்கிவிடும். கடலில் அவதிப்பட்டவர்களின் அனுபவம் அந்த ஒரு சிறு சேர்க்கையில் அடங்கியிருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கறுப்பு உடலில் சிவப்புப் பட்டையும் உச்சியில் இரு கறுப்புப் பந்துகளும் கொண்டது தனித்த அபாயத்தின்மேலேயே நிற்பது. சுற்றிலும் நல்ல நீர் உண்டு. சிவப்பும் வெள்ளையுமான நெடுங்கோடுகள் உடையது பத்திரமான நீரைக் குறிப்பது. பெரும்பாலும் துறைமுக வழியின் தலைவாயிலில் நிற்கும். முழு மஞ்சள் நிறமுடையது குழாய்கள், பயிற்சி எல்லைகள் முதலிய விசேஷக் காரியங்களுக்கானது.

விளக்கின் கதையில் குஸ்டாஃப் டாலன் என்ற ஸ்வீடன் தேசத்துப் பொறியியலாளரைக் குறிப்பிடாமல் விடுவது நன்றி மறந்ததாகும். ஆளில்லாத மிதவையில் மாதக்கணக்காக விளக்கு எரிய வேண்டுமானால் எரிவாயுவைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும். அஸெடிலின் வாயுவை ஒளி சிமிட்டும் கணங்களில் மட்டும் வெளிவிடும் கருவியை அவர் முதலில் அமைத்தார். பின்பு 1907-இல் பகலில் தானே அணைந்து இரவில் தானே எரியும் சூரிய வால்வைக் கண்டுபிடித்தார். நான்கு உலோகக் கோல்கள். மூன்று மெருகேற்றப்பட்டு ஒளியைத் திருப்பியனுப்புபவை, நடுவிலுள்ள ஒன்று கறுப்பாக ஒளியை விழுங்குவது. விடிந்ததும் கறுப்புக் கோல் மற்றவற்றைக் காட்டிலும் சூடேறி, மயிரிழையளவு நீண்டு, வாயுவின் வாயிலை அடைத்துவிடும். பொழுது சாய்ந்ததும் சுருங்கி, வாயிலைத் திறந்துவிடும். 1912-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் அஸெடிலின் பரிசோதனையொன்றில் நேர்ந்த வெடிப்பில் அவர் இரு கண்களையும் இழந்தார். எண்ணற்ற மாலுமிகளுக்கு இரவில் வழி காட்டியவர் 1937-இல் மறையும் வரையில் பார்வையின்றியே தம் தொழிற்சாலையை நடத்திவந்தார். இன்றைய மிதவைகளில் சூரிய மின்தகடும் எல்.இ.டி. விளக்கும் அந்த இடத்தைப் பெற்றுவிட்டன.

முறை வகுத்தாகிவிட்டது என்று கடல் ஓய்ந்திருக்கவில்லை. 2002 டிசம்பரில் ‘டிரைகலர்’ என்ற கார் ஏற்றிய கப்பல் பிரெஞ்சுக் கரைக்கு அப்பால் மோதி மூழ்கியது; காவல் கப்பல்களும் மிதவைகளும் இருந்தும் சில வாரங்களுக்குள்ளேயே வேறு இரு கப்பல்கள் அதன்மேல் மோதின. புதிய அபாயத்துக்கு வேறெதற்கும் இல்லாத நிறம் வேண்டும் என்று கருதி, நீலமும் மஞ்சளுமான நெடுங்கோடுகளோடு, நீல ஒளியும் மஞ்சள் ஒளியும் மாறி மாறித் தோன்றும் அவசரச் சிதைவு மிதவையை அதற்குப் பின் ஏற்படுத்தினார்கள்.

கல்கத்தாவுக்குச் செல்லும் ஹூக்ளி நதியில் மணல்திட்டுகள் ஓயாமல் இடம் மாறுவதால், ஆழத்தை அளந்து மிதவைகளைப் பெயர்த்து வைக்கும் வேலைக்கு முடிவே இல்லை. இப்படிப்பட்ட மாறுதல்களும், விளக்கு அணைந்த மிதவை, இடம் பெயர்ந்த மிதவை பற்றிய செய்திகளும் மாலுமிகளுக்கான அறிவிப்புகளாக அவ்வப்போது வெளியிடப்படுகின்றன. பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு புறப்படுகிறவன் அவற்றைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். மிதவையை ஒட்டி உரசிக்கொண்டு போவதும் தவறு. அது எந்தப் பக்கம் சாயும், அதன் சங்கிலி நீருக்குள் எவ்வளவு தூரம் சரிந்து கிடக்கிறது என்பது மேலிருந்து தெரியாது. இளைப்பாறவோ வலையைக் கட்டவோ கயிற்றை அதில் மாட்டுவதைச் சட்டம் தடுப்பதற்கும் தக்க காரணம் உண்டு. விளக்கின் கூண்டு வளைந்துவிட்டாலும், கட்டி சில கஜம் நகர்ந்துவிட்டாலும், மாட்டியவருக்கு அது தெரியாமலே போகும். அன்றிரவு அந்த விளக்கை எண்ணிக்கொண்டு உள்ளே வருகிற வேறொரு படகுக்குத்தான் அதன் பலன் போய்ச் சேரும்.