உங்களுக்குத் தெரியுமா? வாள் வாத்தியார் ஒரு பாதிரியார்!

ஐரோப்பாவில் இன்று கிடைக்கும் மிகப் பழைய வாள் பயிற்சி நூலில் பாடம் எடுப்பவர் போர்வீரர் அல்ல, உச்சந்தலை மழித்த ஒரு பாதிரியார். கடைசிப் பக்கங்களில் அவரோடு வாள் பிடித்து நிற்பவர் வால்புர்கிஸ் என்ற பெண்!

• இந்நூல் ஜெர்மனியில் சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் லத்தீனில் எழுதப்பட்டது. 32 தோல் ஏடுகள், பக்கத்துக்குப் பக்கம் படங்கள். இப்போது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொழுதுபோக்காக வாளும் சிறு கேடயமும் பழகுவோருக்கு இன்றும் இது முக்கியப் பாடநூல்.

• இனி வாள்களைப் பற்றிச் சில: பத்துக் கிலோ வாள் என்பதெல்லாம் சினிமாக் கதை. இரு கைகளால் பிடிக்கும் நீள்வாளே பெரும்பாலும் ஒன்றரை கிலோவை ஒட்டித்தான் இருக்கும்.

• பயிற்சி வாளுக்குக் கூர் கிடையாது. நுனி அகலமாகவோ சுருட்டியோ இருக்கும். எதிராளியின் நெஞ்சில் குத்தினால் அலகு வில்லாக வளைந்து கொடுக்கும்.

• சுவரில் மாட்டும் அலங்கார வாளை வீசவே கூடாது. பலவற்றில் கைப்பிடிக்குள் போவது ஒல்லியான கம்பி மட்டுமே. வீசும் வேகத்தில் அது முறிந்தால் அலகு தனியே பறக்கும்.

• ஜப்பானில் இயாய்தோ எனும் வாள் உருவும் கலை பழகுவோர் பலர் கையில் இருப்பது எஃகு வாளே அல்ல. துத்தநாகமும் அலுமினியமும் கலந்த வார்ப்பு. சாணை பிடித்தாலும் கூர் நிற்காது.